தெரிந்த கடமையும் தெரியாத திருவுள்ளமும்

 

ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் திருவீதி உலா வரும்போது, மாடிகளில் நின்று மக்கள் மாங்கனிகளை வாரி இறைக்கும் இந்தக் காரைக்காலில், ஆண்டவனுடைய சித்தத்தை மனிதன் அறிவது எங்ஙனம் என்ற கேள்விக்கு விடை தேடி நாம் வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை. அவ்விடை இம்மண்ணில் பிறந்த புனிதவதியாரின், காரைக்கால் அம்மையாரின், சரித்திரமாகவே நம்முன் நிற்கிறது.

"இறைவன் திருவுள்ளம் இன்னதென்று தெளிவாகத் தெரியட்டும், அதன்படி நடக்கிறேன்" என்று சொல்லும் பக்தர் பலர். தெளிவு முன்னே, பணிவு பின்னே என்பது அவர்கள் விதிக்கும் நிபந்தனை. அம்மையார் வாழ்வோ, பணிந்தவர்க்கே தெளிவு பிறக்கும் என்று போதிக்கிறது.

சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் உரைக்கும் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். வணிகர் தலைவன் தனதத்தன் மகளாகப் பிறந்து, நாகைப்பட்டினத்து நிதிபதியின் மைந்தன் பரமதத்தனை மணந்து, இவ்வூரிலேயே இல்லறம் நடத்திய அம்மையார், கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளைப் பெற்று வைத்திருந்த வேளையில், பசியால் வாடிய சிவனடியார் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். சோறு வெந்திருந்தது; கறி இன்னும் சமைந்தபாடில்லை. அந்தக் கணத்தில் அம்மையாருக்குக் கயிலையும் தெரியாது, திருவாலங்காடும் தெரியாது. அடியவர் பசி தீர்ப்பது தம் கடமை என்பது ஒன்றுதான் தெரியும். தெரிந்த அந்த ஒன்றைத் தயக்கமின்றிச் செய்தார். ஒரு கனியைச் சோற்றுடன் இட்டார். அதன் பின் நிகழ்ந்த அனைத்தும் அந்தச் சிறு செயலிலிருந்தே விரிந்தன.

எஞ்சிய கனியை உண்ட கணவன் இரண்டாம் கனியையும் கேட்டபோது இறைவன் அருளிய கனி கைவந்தது. அதன் அதிசயச் சுவையை வியந்து அவன் வினவியபோது, மறைத்துவிட்டால் இல்லற வாழ்வு குலையாது நின்றிருக்கும். ஆயினும் அம்மையார் உண்மையையே உரைத்தார். கீழ்ப்படிதல் என்பது அச்சத்தால் வாய்மூடி இருப்பதன்று என்பதை இங்கே நாம் கருத்தில் இருத்த வேண்டும். மனிதர்க்கு அடிமைப்படுவது வேறு. ஆண்டவன் முன் மனச்சாட்சி வளையாமல் நிற்பது வேறு. முன்னது அறிவை மழுங்கச் செய்யும்; பின்னது அறிவுக்கு ஒளி தரும்.

அம்மையாரைத் தெய்வமென்று அஞ்சிய பரமதத்தன் கலமேறிச் சென்று, பாண்டி நாட்டில் வேறு மணம் புரிந்து, பிறந்த பெண் மகவுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். சுற்றத்தார் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது, மனைவி மகளோடு வந்து அவர் அடியிலேயே வீழ்ந்து வணங்கினான். தமது வாழ்வு எதற்காக என்பது அம்மையாருக்கு அன்றுதான் துலங்கியது. அழகைச் சுமந்த தசையை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார். கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார்.

நம் பொருளின் சிகரம் அதற்கும் அப்பால் இருக்கிறது. அம்மையே என்று ஆண்டவனே அழைத்த அந்தச் சந்நிதானத்தை அடைந்தவர்க்கு, அங்கேயே இருப்பதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும், திருவாலங்காட்டில் தமது நடனத்தைக் கண்டு பாடியிருக்குமாறு இறைவன் பணித்தபோது, கயிலையையும் விட்டுப் புறப்பட்டார் அவர். துன்பத்தில் கட்டளைக்குப் பணிவார் உண்டு. பேரின்பத்தின் நடுவிலும் பணிந்தவர் அவர். அவ்வூரின் பெயரால் வழங்கும் மூத்த திருப்பதிகங்கள், பதினோராந் திருமுறையில் அவருடைய அற்புதத் திருவந்தாதியோடும் இரட்டை மணிமாலையோடும் விளங்குகின்றன. அங்கும் அம்மையார் தலையாலேயே நடந்ததால், அவ்வூரைக் காலால் மிதிக்கத் திருஞானசம்பந்தரே தயங்கினார் என்பது வரலாறு.

பிற்காலத்தில் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரத்தில், இறைவனோடு ஒன்றி அவன் பணியில் நிற்கும் உயிரை மலமும் மாயையும் பற்றா என்று சாஸ்திரமாக வகுத்ததை, அம்மையார் அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே வாழ்ந்து காட்டிவிட்டார். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒருங்கே போற்றும் ஆபிரகாம் என்னும் இப்ராஹீமும், போகுமிடம் அறியாமலே ஆண்டவன் அழைப்புக்குப் பணிந்து தாயகம் துறந்தவர் என்று விவிலியம் கூறும். கோயிலும் தர்காவும் மாதா ஆலயமும் அருகருகே விளங்கும் இந்நகர் மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று.

ஆகவே, அன்பர்களே, ஆண்டவன் நம்மிடம் விரும்புவது யாதென்று கலங்கிக் காலத்தைக் கழிக்க வேண்டா. பசித்தவர்க்குச் சோறு, கேட்டவர்க்கு மெய், ஏற்ற பணியில் உறுதி என்று ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த கடமைகள் நம் ஒவ்வொருவர் முன்னும் இருக்கின்றன. அவற்றை இன்றே செய்யத் தொடங்குவோம். செய்யச் செய்ய, அடுத்த கடமையை அவனே அறிவிப்பான்.