டெட்ராய்ட்டின் கறுப்புத் தட்டுகள்: குறைத்தது யார்?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"இசைக்கு நிறம் கிடையாது" என்று சொல்பவர்களை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் அதைச் சொல்வது பெரும்பாலும் அந்த இசையைக் கேட்பவர்தான். அதை உருவாக்கியவர் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. மினிமல் டெக்னோ என்ற இசையை எடுத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மினிமல் டெக்னோ என்றதும் உங்களில் பலருக்கு பெர்லின் நினைவுக்கு வரும். இருட்டுக் கிளப், கறுப்புச் சட்டை, முகத்தில் உணர்ச்சி காட்டாத வெள்ளை இளைஞர்கள். 2024 மார்ச்சில் ஜெர்மனி பெர்லினின் டெக்னோ பண்பாட்டைத் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோ உடன்படிக்கையின் கீழ் வைத்திருக்கிற பட்டியல் அது. பெர்லினுக்கு அந்தத் தகுதி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் டெக்னோ பிறந்த ஊர் டெட்ராய்ட். உருவாக்கியவர்கள் கறுப்பின இளைஞர்கள். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

டெட்ராய்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. கார் தொழிற்சாலை வேலைக்காகத் தென் மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வந்து சேர்ந்த நகரம் அது. 1950இல் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். 1967 எழுச்சியில் 43 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கறுப்பர்கள். ஆலைகள் வெளியேறின, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், மோட்டவுன் நிறுவனமும் 1972இல் லாஸ் ஏஞ்சலீசுக்குப் போய்விட்டது. 1990இல் மிஞ்சியவர்கள் சுமார் 10.3 லட்சம் பேர். அவர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பர்கள்.

ராபர்ட் ஹூட் 1965இல் பிறந்தது இந்த ஊரில்தான். அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற குழுவில் மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ் ஆகியோருடன் இருந்தார். மேடையிலும் படங்களிலும் முகத்தை மறைத்துக்கொண்ட குழு அது. தட்டின் மேல் ஆளின் படத்தை அச்சிட்டு விற்பதை அவர்கள் விரும்பவில்லை. அதில் ஹூட்டின் பொறுப்புக்கு "தகவல் அமைச்சர்" என்று பெயர். கறுஞ்சிறுத்தைகள் கட்சியில் எல்ட்ரிட்ஜ் கிளீவர் வகித்த பதவியின் பெயரும் அதுவே. சிறுத்தை என்ற சொல் 1972இல் பம்பாய்க்கு எப்படி வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1994இல் ஹூட் எம்-பிளாண்ட் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். அதே ஆண்டு மில்ஸின் ஆக்சிஸ் லேபிளில் அவருடைய 'மினிமல் நேஷன்' வந்தது. மினிமல் டெக்னோவின் தொடக்கம் என்று பலரும் சுட்டுவது இந்தத் தட்டைத்தான். ஒரு டிரம் மெஷின், ஒன்றிரண்டு சின்தசைசர் ஒலிகள், அவ்வளவுதான். பாட்டு இல்லை, ஏறி இறங்கும் உச்சக்கட்டம் இல்லை. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். கவனித்துக் கேட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மயிரிழை அளவு மாறியிருக்கும்.

"கையில் காசில்லை, அதனால் குறைவாகச் செய்தார்கள்" என்று இதை விளக்குவது எளிது. பாதி உண்மை. அவர்கள் பயன்படுத்திய ரோலண்ட் டிஆர்-909 1983இல் வந்து சந்தையில் தோற்றுப்போன கருவி. அதனால்தான் பழைய பொருளாகச் சல்லிசாகக் கிடைத்தது. மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். 90களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ரேவ் இசை வேகத்தையும் சத்தத்தையும் கூட்டிக்கொண்டே போனது. அந்த இரைச்சலில் தாளத்தின் உயிர் போய்விடுகிறது என்று ஹூட் நினைத்தார், வேண்டாததை நீக்கினார். அது ஓர் அழகியல் முடிவு, விமர்சனமும்கூட. ஒடுக்கப்பட்டவர்கள் செய்கிற எதையும் வறுமையின் விளைவாக மட்டும் பார்ப்பது, அவர்களுக்குச் சிந்தனை உண்டு என்பதை மறுப்பதற்கான நாகரிகமான வழி. வெள்ளைக் கலைஞர் குறைத்தால் தத்துவம், கறுப்புக் கலைஞர் குறைத்தால் பற்றாக்குறையா?

இனி தட்டைப் பற்றி. எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன்.

வினைல் தட்டு என்பது பொருள். அதை யாராவது வெட்ட வேண்டும், அச்சிட வேண்டும், பெட்டியில் அடுக்கி அனுப்ப வேண்டும். டெட்ராய்ட்டில் நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன் என்ற இடத்தில் ரான் மர்ஃபி என்ற வெள்ளையர் பழைய கடைசல் எந்திரத்தில் மூலத்தட்டு வெட்டிக்கொடுத்தார். 1965 முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் ஆர்ச்சர் ஆலை அதே நகரில் தட்டை அச்சிட்டது. விநியோகத்துக்கு 1992இல் பேங்க்ஸ் தரப்பில் சப்மெர்ஜ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனம் எதன் வாசலிலும் நிற்காமல், ஊரை விட்டு நகராமல், ஒரு பாடலைத் தட்டாக்கி உலகத்துக்கு அனுப்ப முடிந்தது. சுயமரியாதை என்பதற்கு ஒரு பொருளாதார வடிவம் உண்டென்றால் அது இப்படித்தான் இருக்கும்.

வெட்டும் வேலையிலும் சிந்தனை இருந்தது. சாதாரணத் தட்டில் வரித்தடம் வெளியிலிருந்து உள்ளே சுருண்டு போகும். அதை ஒரு சுற்றிலேயே மூடிவிட்டால் முள் அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். இதைப் பூட்டுத்தடம் என்று சொல்லலாம். நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி ஆகும். அந்த 1.8 நொடிக்குள் நான்கு அடி விழுந்தால் நிமிடத்துக்குச் சுமார் 133 அடி. டெக்னோவின் வேகம் அதுதான்! மில்ஸ் 1994இல் வெளியிட்ட 'சைக்கிள் 30' தட்டில் இப்படிப்பட்ட தடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆள் வந்து முள்ளைத் தூக்கும்வரை ஒலி நிற்காது. இசைக்கோவையும் எந்திரத்தின் சுழற்சியும் ஒன்றாகிவிட்ட இடம் அது. ஆலை நகரத்துப் பிள்ளைகளுக்கு எந்திரத்தோடு இருந்த உறவு எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து ரீமிக்ஸ். 1999இல் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ், டிஜே ரோலாண்டோவின் 'நைட்ஸ் ஆஃப் தி ஜாகுவார்' தட்டை வெளியிட்டது. ரோலாண்டோ மெக்சிகோ வழிவந்த டெட்ராய்ட்காரர். அது மினிமல் அல்ல, மெல்லிசை ததும்பும் பாடல். ஆனால் லேபிள் அரசியலைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஐரோப்பா முழுக்க அது பரவியதும், சோனியின் ஜெர்மன் பிரிவு அந்தப் பாடலைச் சுரத்துக்குச் சுரம் வேறு ஆட்களை வைத்துத் திரும்பப் பதிவு செய்தது. குழுவின் அனுமதி இல்லை.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். ஒரு பதிவை அப்படியே நகலெடுத்தால் திருட்டு. அதே மெட்டைத் திரும்ப வாசித்துப் பதிவுசெய்தால் அது "மறுபதிவு". பாடலாசிரியருக்குரிய கட்டணத்தைக் கட்டினால் போதும் என்பது பொதுவான நடைமுறை. பதிவை உருவாக்கிய சின்ன லேபிளின் சம்மதம் தேவைப்படாது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதில் யார் கையில் அச்சு எந்திரமும் விளம்பரக் காசும் இருக்கின்றன என்ற கேள்வி வராது.

குழு பொதுவெளியில் எதிர்ப்புத் தெரிவித்தது. கேட்பவர்கள் மின்னஞ்சல்களாக அனுப்பித் தள்ளினார்கள். சோனி பின்வாங்கியது. அதன்பின் குழு செய்ததுதான் எனக்கு முக்கியம். 'ரிவெஞ்ச் ஆஃப் தி ஜாகுவார்' என்று ஒரு ரீமிக்ஸ் தட்டை வெளியிட்டார்கள். ஜெஃப் மில்ஸ் உள்ளிட்ட சொந்த ஊர்க்காரர்கள் அதே பாடலைத் தங்கள் கையால் திரும்பக் கட்டினார்கள். வெளியே ஒருவன் எடுத்தால் நகல், உள்ளே பகிர்ந்துகொண்டால் ரீமிக்ஸ். கொடுத்தவர் யார், எடுத்தவர் யார் என்பதில்தான் வித்தியாசம்.

பெர்லினை வில்லனாக்கிவிட்டுப் போவது நியாயமில்லை. டிரெஸோர் லேபிளின் முதல் வெளியீடே 1991இல் பேங்க்ஸ், மில்ஸ், ஹூட் மூவரும் சேர்ந்து செய்த எக்ஸ்-101தான். ஹூட்டின் 'இன்டர்னல் எம்பயர்' வந்ததும் அங்கேதான். ஹார்ட் வாக்ஸ் கடை டெட்ராய்ட் தட்டுகளைத் தேடி வரவழைத்தது. அந்தக் கடையைத் தொடங்கிய மார்க் எர்னெஸ்டஸும் மோரிட்ஸ் வான் ஓஸ்வால்டும் பேசிக் சேனல் என்ற பெயரில் செய்த தட்டுகளை நான் விரும்பிக் கேட்கிறேன். அந்தத் தலைமுறைக்குத் தாங்கள் யாரிடம் கற்றோம் என்பது தெரியும். 2000களில் "மினிமல்" ஒரு சந்தை முத்திரையாக மாறியபோதுதான் டெட்ராய்ட் முன்கதையாகச் சுருங்கிப்போனது. முன்னுரையில் நன்றி, உள்ளே ஆளில்லை. ஆய்வு நூல்களைப் படிக்கிற நமக்கு இந்த முறை பழக்கமானது.

டிஃபாரஸ்ட் பிரவுன் ஜூனியர் 2022இல் எழுதிய 'அசெம்பிளிங் எ பிளாக் கவுன்டர் கல்ச்சர்' என்ற தடித்த புத்தகம் இந்த அழிப்பைக் கணக்கெடுக்கிறது. எல்லா முடிவுகளிலும் நான் உடன்படவில்லை. வெள்ளையர் கேட்டாலே இசை கெட்டுவிடும் என்ற தொனி சில இடங்களில் வருகிறது. ஆனால் கறுப்பினத் தொழிலாளர் வரலாற்றிலிருந்து டெக்னோவைத் தொடங்குவது அவர் செய்த பெரிய காரியம். இங்கே யாராவது மொழிபெயர்க்க முன்வந்தால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஹூட் இப்போது போதகரும்கூட. மகள் லிரிக்குடன் சேர்ந்து ஃப்ளோர்பிளான் என்ற பெயரில் கோஸ்பல் கலந்த இசை செய்கிறார். எம்-பிளாண்ட் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. 'மினிமல் நேஷன்' 2009இல் மறுவெளியீடாக வந்தது எம்-பிளாண்டில்தான். பழைய தட்டை யார் திரும்ப அச்சிடுகிறார்கள், அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று தட்டின் நடுவட்டத்தைப் பாருங்கள். நான் தட்டு வாங்கும் வசதியுள்ள ஆளில்லை, ஃபெலோஷிப் வந்து நான்கு மாதம் ஆகிறது. கோப்பாகத்தான் வைத்திருக்கிறேன். அதையும் லேபிளிடமே காசு கொடுத்து வாங்கினேன்.

முதல் பாடலைப் போடுகிறேன். பேசாமல் கேளுங்கள், கேள்விகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.