மெம்பிஸ் நகரத்துக் குப்பை வண்டி



மார்ட்டின் லூதர் கிங் என்றதும் 1963-இல் வாஷிங்டனில் அவர் பேசிய கனவுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நானும் அந்தப் பேச்சு வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஆனால் இன்று அவரை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில்தான் போய் நிற்கிறது.

1968 பிப்ரவரி 1. அங்கே நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள், ஒதுங்க வேறு இடமில்லாமல் குப்பை வண்டியின் பின்புறத்திலேயே ஏறி நின்றார்கள். வெள்ளையர் வீட்டு வாசலில் அவர்கள் ஒதுங்க முடியாத காலம் அது. குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. இருவரையும் நசுக்கிக் கொன்றது. அந்தப் பழைய வண்டிகளை மாற்றுங்கள் என்று தொழிலாளர்கள் முன்பே கேட்டிருந்தார்கள், தோழர்களே! பதினொரு நாள் கழித்து ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் மனிதன்' என்று எழுதிய அட்டைகளோடு தெருவில் நடந்தார்கள்.

கிங் அப்போது 35 வயதிலேயே நோபல் பரிசு பெற்ற தலைவர். ஆனால் வியட்நாம் போரை எதிர்த்ததால் வெள்ளை மாளிகையும் பெரிய பத்திரிகைகளும் அவரை வெறுத்த நேரம். அந்தத் தொழிலாளர்களுக்காக மெம்பிஸுக்குப் போக வேண்டாம் என்று கூட இருந்தவர்களே தடுத்தார்கள். போனார். மார்ச் 28 ஊர்வலம் கலவரமானது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊரே கிங்கைப் பழித்தது. மறுபடியும் போனார். ஏப்ரல் 4 மாலை, லொரெய்ன் விடுதியின் மாடித் தாழ்வாரத்தில் அவர் மீது குண்டு பாய்ந்தது. அவருக்கு வயது 39.

ஏப்ரல் 8. கணவரை இன்னும் அடக்கம் செய்யவில்லை. கிங்கின் மனைவி கொரெட்டா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதே மெம்பிஸுக்கு வந்தார். ஊர்வலத்தின் முன்னே நடந்தார். அஞ்சலி என்றால் எனக்கு அதுதான் அஞ்சலி. ஏப்ரல் 16-இல் நகராட்சி இறங்கி வந்து சங்கத்தை ஏற்றது, கூலியை உயர்த்தியது.

இந்தக் கிங் 1959-இல் நம் நாட்டுக்கு வந்தவர். கன்னியாகுமரி வரை வந்தவர். தன்னைத் திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் 'அமெரிக்கத் தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தியதையும், முதலில் தான் அதிர்ந்து, பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததையும் 1965-இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார். அவரைப் பற்றி இங்கே பேசிவிட்டு நம் ஊர்ச் சாக்கடையைப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செத்த பிறகு தரும் பணம் கூடியிருக்கிறது. உள்ளே இறக்கிவிட்டவன் சிறைக்குப் போவது மட்டும் இன்றும் அரிது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால், குறைந்த காசுக்கு ஆள் இறங்குவான் என்று யாராவது சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். இயந்திரம் வரும்வரை நாற்றத்தோடு இருங்கள். பக்கத்து வீட்டில் ஆள் இறங்கினால் போய்த் தடுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.