வரப்போகும் படமும் வாசிக்க வேண்டிய வரலாறும்

வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை



இளைஞரின் பொழுதுபோக்குக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு கழகத்தார் பணித்துள்ளனர். வரவிருக்கும் திரைப்படத்தையும் வீடியோ விளையாட்டையும் எதிர்நோக்கி மகிழ்வது இன்று பெரியதொரு பொழுதுபோக்காகி விட்டது. ஓசூர் எல்லை நகரம் ஆதலின், தமிழ், கன்னடம், தெலுங்கு என மும்மொழிப் படங்களுக்கும் இங்கே காத்திருப்போர் உளர். முன்னோட்டம் வெளியான மறுநாள் வகுப்பறை முழுவதும் அதே பேச்சாக இருப்பதை நாம் காண்கிறோம்.

இதனை அடியோடு கடிந்துரைப்பாரோடு நாம் உடன்படவில்லை. சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்துக் களைத்து வரும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி வேண்டாவோ? களிப்பும் நம் உரிமையே. காத்திருக்கும் நாட்களை எவ்வாறு கழிக்கிறோம் என்பதே வினா.

2018இலும் 2022இலும் 'கே.ஜி.எஃப்.' என்னும் கன்னடப் படத்தின் இரு பாகங்கள் வெளிவந்தன. அவை சுரங்கத் தொழிலாளரை, ஒரு வீரன் வந்து மீட்க வேண்டிய அடிமைக் கூட்டமாகக் காட்டின. எல்லைக்கு அப்பாலுள்ள மெய்யான கோலார் தங்கவயலின் வரலாறு வேறு. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட நம் மக்கள், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தனர். 1930இல் விரலடையாளப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். பௌத்த சங்கம் கண்டனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் பிற்காலத்தில் அத்தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எந்த வீரனுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' இம்மண்ணைக் களமாகக் கொண்டது. 2024 ஜனவரி 26இல் வரும் என அறிவிக்கப்பட்ட அப்படம் ஆகஸ்டு 15இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆறு திங்களுக்கு மேலான காலத்தில் தங்கவயலின் வரலாற்றைப் படித்துவிட்டு அரங்கினுள் சென்றவன் எது வரலாறு, எது கற்பனை எனப் பிரித்தறிவான். பாராட்டவும் குறை காணவும் வல்லவனாவான். படியாது சென்றவனோ கைதட்டி மீள்வான்.

வீடியோ விளையாட்டுக்கும் இது பொருந்தும். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையின் ஆறாம் பகுதிக்கு 2023 டிசம்பரில் முன்னோட்டம் வந்தது. 2025இல் வரும் என்றது 2026க்குத் தள்ளப்பட்டது. அவ்வரிசையின் ஐந்தாம் பகுதி ஐரோப்பாவில் 18 வயதினர்க்கே உரியதென மதிப்பிடப்பட்டது. பெற்றோர் இவ்வயதுக் குறிப்பை நோக்குதல் வேண்டும். மாணவர்களோ, கதையும் ஓவியமும் இசையும் கணக்கும் கூடியதே ஒரு விளையாட்டு என்பதை உணர்தல் வேண்டும். புனே நகரத்தார் உருவாக்கிய 'ராஜி' 2020இல் உலகெங்கும் சென்றது. முப்பரிமாண உருவங்களை வரைய உதவும் பிளெண்டர் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. காத்திருக்கும் மாணவன் இதனையும் கற்கலாமன்றோ?

கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் தங்கவயல் வரலாற்றுக்கென ஓர் அடுக்கு அமையட்டும். நம் மக்களைப் பற்றிய படம் வருமுன், அதன் வரலாறு பற்றி ஒரு மாலை உரையாடல் நிகழட்டும். பிறர் சொல்லும் கதைக்குக் காத்திருந்த பிள்ளைகள் நாளை தம் கதையைத் தாமே சொல்வர்.