தில்லானாவும் தப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஏதேனும் ஒரு நாவலைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் 'கலைமணி' என்ற புனைபெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' நாவலை எடுத்துக்கொண்டேன். 1950களில் ஆனந்த விகடனில் கோபுலுவின் சித்திரங்களோடு தொடராக வந்த கதை அது. 1968இல் ஏ. பி. நாகராஜன் படமாக்கியதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். நாவலைப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் சபை அமைதியாகிவிடும், ஆகையால் கேட்கவில்லை.

அதை என்ன கதை என்பது? காதல் கதை என்றால் ஆம். சூழ்ச்சியும் ஆபத்தும் நிறைந்த கதை என்றாலும் ஆம். வைத்தி வருமிடமெல்லாம் ஹாஸ்யம். இத்தனைக்கும் அடியில் சுருதிபோல நிற்பது சங்கீதம்.

மோகனா தாசி குலத்துப் பெண். அவளை ஒரு செல்வரிடம் சேர்த்துவிடத் தாய் வடிவாம்பாள் துடிக்கிறாள். மோகனாவோ தன் ஆட்டத்தை வெறுக்கவுமில்லை. அதை விலைப்பொருளாக்க இசையவுமில்லை. "நான் ஆடுகிறவள்தான், அதனால் தாழ்ந்தவளல்லள்" என்பதே அவள் நிலை என்று நான் கொள்கிறேன். நாதஸ்வர வித்துவான் சண்முகசுந்தரத்தின் முன்கோபத்துக்குள்ளும் அதே மானந்தான் இருக்கிறது.

அந்த மானம் சும்மா வந்ததன்று. நாதஸ்வரக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. அதை எதிர்த்து மேடையில் அமர்ந்து வாசித்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் 1956இல் காலமானார். இன்று மங்கல வாத்தியம் என்று நாம் போற்றும் குழலே உட்கார இடம் கேட்டுத்தான் வாங்கியது.

இனி நம் மலைக்கு வருகிறேன். நாதஸ்வரத்துக்கு ஒரு நாவல் கிடைத்தது. நம் தப்புக்கு?

ஒரு காலத்தில் விடியுமுன் லயத்தை எழுப்பியது பிரட்டுத் தப்பு. மாரியம்மன் திருவிழாவுக்கும் அதுதான், காமன் கூத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. அடித்தவனை மட்டும் ஒதுக்கி நிறுத்தினோம். இதை ஒளித்துப் பேசுவதில் பயனில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மட்டும் அந்த ஒலியைக் கேட்டு நாணவில்லை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. நாடில்லை என்று சொல்லப்பட்ட அந்த மக்களின் வைகறைத் தப்பொலியைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தம் ஆங்கிலக் கவிதையிலே அவர் வைத்தார். லயங்களில் வழங்கிய பாட்டுகளைத் தேடிச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் நூலாக்கினார். அடுத்த ஆண்டு மறைந்தார். குடியுரிமைச் சீட்டுக்கு எத்தனையோ பேர் அலைந்த காலத்தில், நாம் யார் என்பதற்கு அவர் சேர்த்த அத்தாட்சி அது என்பேன்.

நண்பர்களே, நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹற்றனில் படித்த நாளில், "உங்கள் வீட்டில் என்ன வாத்தியம் வாசித்தார்கள்?" என்று ஒருவன் கேட்டான். நாதஸ்வரம் என்றேன். என் பாட்டனார் தப்படித்தவர். மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிட்டால் வைக்கோல் கொளுத்தி, அந்த அனலில் காய்ச்சி, விரலால் தட்டிக் காதருகே வைத்துப் பார்ப்பார். சுருதி பார்த்ததுதானே அது? அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோகனாம்பாளைப் படித்து முடித்த இரவில்தான் அந்தப் பொய் என்னைச் சுட்டது. அப்போது அவர் உயிரோடில்லை.

திருவிழாவுக்குத் தப்பு வேண்டாம், பேண்டு வாத்தியம் போதும் என்று நம்மில் சிலர் பேசுவதை அறிவேன். பேண்டும் வரட்டும், எனக்கு அதன் மீது பகையில்லை. ஆனால் நம் தோட்டத்தில் இன்னும் தப்படிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரையும் அழையுங்கள். நாதஸ்வரக்காரருக்கு ஜமுக்காளம் விரிக்கும்போது அவருக்கும் பக்கத்தில் ஓர் இடம் விடுங்கள். இடம் போதாதென்றால் முன்வரிசையில் எனக்குப் போடும் நாற்காலியை எடுத்துவிடலாம். நான் நின்றுகொண்டே கேட்கிறேன்.