அயர்லாந்துக் கிராமங்களில் கடைசி நான்கு நாட்கள்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மே மாதத்தில் அயர்லாந்தின் மேற்குக் கரையைச் சிறு பஸ் ஒன்றில் சுற்றி வந்த எங்கள் குழுவில் 14 பேர் இருந்தோம். முதல் நாட்களில் கண்ட கடலையும் கோட்டைகளையும் பற்றி இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. அவற்றைப் படங்களிலும் காணலாம். விவசாயிகளுக்கும் ஊராட்சிப் பொறுப்பை ஏற்றவர்களுக்கும் உரிய செய்திகள் கடைசி நான்கு நாட்களில்தான் எதிர்ப்பட்டன. பெரிய பஸ்கள் நுழையத் தயங்கும் ஒடுங்கிய கிராமப் பாதைகளில் எங்கள் வண்டி சென்றதும் அதற்கு ஒரு காரணம் எனலாம்.

கிளேர் ஜில்லாவின் வடபகுதியில் பர்ரன் என்றொரு பிரதேசம் உண்டு. கற்பாங்கான இடம் என்பதே அப்பெயரின் பொருள். எங்கு நோக்கினும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. இடுக்குகளில் மட்டுமே கொஞ்சம் மண். இங்கே என்ன விவசாயம் நடக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆயினும் தலைமுறை தலைமுறையாக இங்கு மாடு வளர்க்கின்றனர். மலை நாடுகளில் பொதுவாகக் கோடையில் மாடுகளை மேலே ஓட்டுவார்கள். பர்ரன் மக்களோ குளிர்காலத்தில் ஓட்டுகின்றனர். கோடை முழுவதும் மலைப்புல்லை மேய விடாமல் காத்து வைக்கின்றனர். பாறை கோடை வெப்பத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடுகிறது, மழைநீரும் தேங்குவதில்லை. ஆகவே மாடுகள் சேற்றில் உழலாமல் உலர்ந்த தரையில் படுக்கின்றன. அவை முரட்டுப் புல்லைத் தின்று தீர்ப்பதால், வசந்தத்தில் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. நாங்கள் சென்றபோது ஜென்ஷியன் என்னும் நீலப் பூக்கள் பாறையிடையே மலர்ந்திருந்தன. அவற்றைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் வருகின்றனர். பூவுக்குக் காரணம் மாடும் மாட்டுக்காரரும் என்பதை அவர்களிற் பலர் அறிவதில்லை.

இடைக்காலத்தில் மேய்ச்சல் குறைந்து, ஹேசல் புதர்கள் மண்டின. 2005-ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பொருளுதவியுடன் 20 பண்ணைகளில் ஒரு சோதனை தொடங்கிற்று. 2010 முதல் அது விரிந்த திட்டமாயிற்று. புதர் வெட்டவும் கற்சுவரைச் செப்பனிடவும் உதவி உண்டு. அதற்கு மேல், மேய்ச்சல் நிலம் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, அதற்கேற்பப் பணம் கொடுத்தனர். எவ்வாறு மேய்ப்பது என்பதை விவசாயியின் அறிவுக்கே விட்டுவிட்டனர். நம் கருத்தில் இத்திட்டத்தின் உயிர்நாடி இதுவே. 2022 முடிவில் திட்டம் நிறைவுற்றபின், நாடு தழுவிய புதிய திட்டத்தில் இம்மதிப்பெண் முறை இடம்பெற்றது.

மறுநாள் கால்வே நகரைக் கடந்து கானமரா மலைநாட்டை அடைந்தோம். ஆள் நடமாட்டமற்ற சரிவுகளில் வரிவரியாகப் புல் மூடிய மேடுகள் தெரிந்தன. பழைய உருளைக்கிழங்குப் பாத்திகள் அவை. 1845-இல் கிழங்கை அழுகச் செய்யும் நோய் வந்தது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். 1841-இல் அத்தீவின் ஜனத்தொகை சுமார் 82 லட்சம். 2021, 2022 கணக்கெடுப்புகளின்படி சுமார் 71 லட்சமே.

பஞ்சத்தின் நடுவே தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாயின என்பதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நிவாரணம் வழங்கிய விதம் அதனினும் கொடியது. 1847-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி கிடையாது. கஞ்சி வேண்டுமாயின் நிலத்தை விட்டுவிட வேண்டும். மேயோ ஜில்லாவில் டூலோ ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். 1849 மார்ச் இறுதியில், நிவாரணம் பெறுவோரைத் தணிக்கைக்காக லூயிஸ்பர்க் என்னும் ஊருக்கு வரவழைத்தனர். அங்கே தணிக்கை நடைபெறவில்லை. மறுநாட் காலை சுமார் 12 மைல் தொலைவிலுள்ள டெல்ஃபி மாளிகைக்கு வரவேண்டும், வாராதவர் பெயர் நீக்கப்படும் என்றனர். பசியால் மெலிந்த ஆணும் பெண்ணும் குழந்தைகளும் குளிரில் நடந்தனர். வழியில் பலர் விழுந்து மாண்டனர். பட்டியலைச் சரிபார்ப்பது அவசியந்தான். ஆனால் அதிகாரியே ஜனங்களிருந்த இடத்துக்குக் குதிரையேறிச் சென்றிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? அவ்விடத்திலுள்ள எளிய கற்சிலுவையில் காந்தியடிகளின் வாக்கு ஒன்று பொறித்திருக்கிறது. அவ்வளவு தூரத்தில் அப்பெயரைக் கண்டதும் வண்டியில் வந்தவர் எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

மூன்றாம் நாள் மாஸ்க் ஏரியைக் கடந்து காசில்பார் சென்றோம். அவ்வூரில் 1879-இல் தோன்றிய மேயோ நிலச் சங்கம் அவ்வாண்டே நாடு முழுதும் பரவிய இயக்கமாக வளர்ந்தது. மறு ஆண்டு மாஸ்க் ஏரிப் பக்கத்தில் குத்தகையைக் குறைக்க மறுத்த ஜமீன் ஏஜெண்டு ஒருவருக்கு வேலை செய்யவோ பண்டம் விற்கவோ அயலார் மறுத்தனர். அறுவடைக்கு வெளியூரிலிருந்து சுமார் 50 ஆட்களும், அவர்களைக் காக்கச் சுமார் 1,000 சிப்பாய்களும் போலீசாரும் வரவேண்டியதாயிற்று! பாய்காட் என்பது அந்த ஏஜெண்டின் பெயர். பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் அச்சொல்லே நிலைத்துவிட்டது. 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அரசாங்கக் கடனை நீண்ட தவணைகளில் கட்டி, உழுதவர்களே பெருவாரியாக நிலத்தை வாங்கினர்.

நான்காம் நாள் டப்ளினுக்குத் திரும்பும் வழியில் லாங்ஃபோர்டு ஜில்லாவின் சதுப்பு நிலங்கள் குறுக்கிட்டன. பீட் என்னும் சதுப்புக் கரியை வெட்டி எரிப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். போர்ட் நா மோனா என்னும் அரசாங்க நிறுவனம் பெரும் இயந்திரங்களைக் கொண்டு பல்லாண்டுகள் வெட்டி, 2021-இல் அதை நிறுத்திவிட்டது. ஈரச் சதுப்பு தன்னுள் கரியைப் பூட்டி வைக்கிறது. காய்ந்தால் அது கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. ஆகவே நீரை வடிக்க முன்னர் வாய்க்கால் வெட்டிய அதே நிறுவனத்தின் தொழிலாளர்கள் இப்போது அவ்வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்குகின்றனர். சாலையோரம் கறுத்த நிலத்தின் நடுவே, அடைபட்ட வாய்க்கால்களில் மழைநீர் நின்றது.