இரண்டு நிமிஷ டாக்டர்

சாயங்காலம் ஏழு மணிக்குக் கோவை போத்தனூரில் எந்த கிளினிக்கை எட்டிப் பார்த்தாலும், டோக்கனோடு வாசல்படி வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். "ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டாருங்க" என்று குறைப்படுவது நம் வழக்கம். கணக்கு சரிதான். 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2017-இல் வெளியான ஆய்வும், ஒரு நோயாளிக்கு டாக்டர் தரும் நேரம் இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம் என்றே சொன்னது, ஸ்வீடனில் 22. ஆனால் நஷ்டம் நமக்கு மட்டும்தானா? அப்பாவின் சர்க்கரையை நினைவில் வைத்து மகனை முன்கூட்டியே எச்சரிப்பதில்தான் குடும்ப டாக்டருக்குத் தொழில் திருப்தி. அதற்கு நேரமில்லாவிட்டால் மிஞ்சுவது சீட்டெழுதும் வேலை. சலிப்பு வராமல் என்ன செய்யும்?

கோவை சித்தாபுதூரில் 20 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பாலசுப்பிரமணியம் 2016-இல் மறைந்தபோது ஊரே திரண்டதே, சேவை மனசு போதாதா என்று கேட்கலாம். அவர் அபூர்வம் என்பதால்தானே திரண்டது! வாடகையும் நர்ஸ் சம்பளமும் ஏற ஏற, குறைந்த ஃபீஸைக் கூட்டத்தால்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கூட்டமோ நேரத்தைத் தின்கிறது. ஃபீஸை ஏற்றினால் கூலிக்காரர் மருந்துக்கடையோடு நின்றுவிடுவார். வேலையைப் பங்கிடுவதே வழி. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. தனியார் கிளினிக்கிலும் எடை, பிரஷர், பழைய சீட்டு எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற நர்ஸே முதலில் பார்த்து வைத்தால், டாக்டரின் இரண்டு நிமிஷமும் பேச்சுக்கே மிஞ்சும்.