கடைசி வாங்குப் பிள்ளையும் பேச வேண்டும்

(பெற்றார் - ஆசிரியர் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் ஒன்றுதான். பாடசாலைக்கு வருகின்ற பிள்ளை பாடத்துக்குள்ளும் வர வேண்டும். இடாப்பில் பேர் இருக்கிறது, பிள்ளையும் வாங்கில் இருக்கிறது. ஆனால் பாடம் அந்தப் பிள்ளையைத் தொடவில்லை என்றால் என்ன பலன்?

நம் நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆனாலும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதுவரைக்கும் அநேக தோட்டங்களில் ஒரே மண்டபம், ஒரே மாஸ்டர், எல்லா வகுப்பும் ஒன்றாக. 1998 இல் 5 வயது முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்று ஆனது. 2016 இல் அது 16 வயது வரை உயர்ந்தது. சட்டம் பிள்ளையை வாசற்படி வரைக்கும் கொண்டுவந்து விடும். அதற்கு அப்பால் நடப்பது ஆசிரியர் கையிலும் நம் கையிலும் இருக்கிறது.

ஆசிரியர்களுக்குப் படிப்பிக்க நாம் வரவில்லை. லயம் லயமாகப் போய், இடைவிலகிய பிள்ளைகளோடு பேசுகிறவர்கள் நாம். "ஏன்பா நின்னுட்ட?" என்று கேட்டால், வறுமையைச் சொல்லும் பிள்ளை உண்டு. "எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல, யாரும் கேக்கவும் இல்ல" என்று சொல்லும் பிள்ளையும் உண்டு. அந்த இரண்டாவது காரணத்தைத்தான் இங்கே பேசுகிறோம்.

"வெளங்குச்சா புள்ளைங்களா?" என்று ஆசிரியர் கேட்கிறார். "வெளங்குச்சு சேர்!" என்று வகுப்பே கூரை அதிரச் சொல்கிறது. அந்தச் சத்தத்துக்குள் வாயை மட்டும் அசைத்த பிள்ளைகள் எத்தனை பேர்? தெரியாது. அடுத்த கேள்வி கேட்டதும் முன் வாங்கில் இரண்டு மூன்று கைகள் உயரும். அவர்கள் சொல்லிவிடுவார்கள், பாடமும் நகர்ந்துவிடும். பின் வாங்கு அப்படியே நின்றுவிடும். இதை மாற்றப் பெரிய செலவு வேண்டாம்.

முதலாவது, கேள்வி கேட்ட பிறகு சற்றுப் பொறுக்க வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே பொறுத்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் பொறுத்தபோது, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், பதில்களும் நீண்டன. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது, எல்லோரும் எழுதிக் காட்டட்டும். சிலேட்டோ, பழைய கொப்பித் தாளோ போதும். விடையை எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திப் பிடித்தால், யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிழையாக எழுதிய பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் நாளைக்கு அந்தச் சிலேட் உயராது.

மூன்றாவது, பக்கத்துப் பிள்ளையோடு பேச விடுங்கள். முதலில் தானாக யோசித்து, பிறகு இரண்டு பேராகப் பேசி, அதன் பின் வகுப்புக்குச் சொல்வது. நாற்பது பேருக்கு முன்னால் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளை கூட்டாளியிடம் பேசும். அங்கே கிடைத்த தைரியத்தில் எழும்பியும் நிற்கும்.

நான்காவது, எல்லாப் பேரையும் துண்டுத் தாளில் எழுதி ஒரு டின்னில் போடுங்கள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு ஒரு துண்டை எடுங்கள். முதலிலேயே பேரைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிக்க மாட்டார்கள். பதில் வராவிட்டால் கூட்டாளியிடம் கேட்டுச் சொல்ல இடம் கொடுங்கள்.

ஐந்தாவது, பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். "அம்மா காலையில 7 கிலோ, பகல் 9 கிலோ, பின்னேரம் 6 கிலோ எடுத்தாங்க. ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சா, பேருக்கு எத்தனை கிலோ விழும்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தொன்பது என்று முதலில் சொல்வது பின் வாங்கில் இருந்து வரலாம். கழித்தல் கணக்கு வீட்டு வயிற்றைத் தொடுகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

பெற்றார்களே, உங்கள் பங்கும் உண்டு. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு எந்த முறையும் ஏறாது. ஒரு துண்டு ரொட்டியாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள். கைக்குழந்தையைப் பார்க்கப் பெரிய பிள்ளையை மறிக்காதீர்கள். அதற்குப் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. கரும்பலகை தெரியவில்லை, காது கேட்கவில்லை என்று பிள்ளை சொன்னால் உடனே டீச்சரிடம் சொல்லி முன் வாங்கில் இருத்துங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். கண்ணாடி இல்லாத குறையை மக்குத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்திக்கு வீட்டுக்கு வந்ததும், "என்னா படிச்ச?" என்று கேட்டால் "எல்லாம் படிச்சேன்" என்று சொல்லி ஓடிவிடும். "இன்னைக்கு டீச்சர்கிட்ட நீ என்னா கேட்ட?" என்று கேளுங்கள். நமக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். இரண்டு நாள் பிள்ளை விழிக்கும். மூன்றாம் நாள், கேட்பதற்கென்றே ஒரு கேள்வியோடு வகுப்புக்குப் போகும்.

வகுப்பில் பேசாத பிள்ளை முதலில் வாரத்துக்கு ஒருநாள் நிற்கும், பிறகு இரண்டு நாள். கடைசியில் கொழும்பில் ஏதாவது ஒரு கடையிலோ, யாரோ வீட்டுக் குசினியிலோ நிற்கும். அங்கேயும் அதற்குப் பேச வராது. சம்பளம் குறைந்தால் கேட்க வராது, அடித்தால் சொல்ல வராது. வாய் திறக்கும் பழக்கம் வகுப்பறையில்தான் தொடங்க வேண்டும்.

ஆகவே, ஆசிரியர்கள் நாளைக்கே இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். பெற்றார்கள் நாளை அந்திக்கு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் யார் யார் பேசத் தொடங்கினார்கள் என்று நாம் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.